பூட்டியவன் பொறுப்பு

"குற்றம் செய்து உள்ளே போனவன் அடிபட்டுச் செத்தால் நமக்கென்ன?"

ஆலங்குளம் தேநீர்க் கடையில் நாளேட்டைப் புரட்டியபடி ஒரு பெரியவர் கேட்டார். நல்லவர், நாலு பேருக்கு உதவுகிறவர். அவரே இப்படிக் கேட்டதுதான் நெஞ்சை உறுத்திற்று.

பட்டாசு ஆலைகள் சூழ்ந்த பகுதி எங்களுடையது, தோழர்களே! ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கலாகாது, கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்றெல்லாம் அங்கே விதி உண்டு. ஏன்? வெடித்தால் ஓட வேண்டுமே! சிறையில் இருப்பவனுக்கு அந்த ஓட்டமும் இல்லை. ஓடினால் அதுவே குற்றம். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது அரசு. அவன் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வேறு யார்?

2021 ஏப்ரல் 22. பாளையங்கோட்டை மத்திய சிறை. வேறொரு சிறையிலிருந்து மாற்றிக் கொண்டுவரப்பட்ட அன்றே, 27 வயது விசாரணைக் கைதி ஒருவர் சக கைதிகளால் தாக்கிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் அவரைக் குற்றவாளியென்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கவில்லை! சிறைப் பணியாளர் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். உடலை வாங்க மறுத்து வாரக்கணக்கில் போராடியது குடும்பம்.

"குற்றம் உறுதியானவன் என்றால்?" பெரியவர் விடவில்லை.

அதற்கும் விடை இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்துவந்த ஒருவரை, உடன் குற்றவாளியே சிறைக்குள் கொன்றான். அவர் மனைவி தொடுத்த கேவல் பதி வழக்கில், தண்டனை பெற்றவன் என்பதால் அவன் உயிரைக் காக்கும் கடமையிலிருந்து அதிகாரிகள் விடுபட்டுவிடவில்லை என்று 1995-இல் உச்சநீதிமன்றம் சொல்லிற்று. ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் செய்தது. ஆனால், அப்பணம் யாருடையது? பாராமுகமாய் இருந்தவர் பையிலிருந்தா? இல்லை. கருவூலப் பணம், தீப்பெட்டி வாங்கும் ஏழைக் கைம்பெண் கொடுத்த வரியும் சேர்ந்த பணம்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் கைதிகளைச் சாதி பார்த்துத் தனித்தனிப் பகுதிகளில் அடைத்தார்கள். மோதலைத் தவிர்க்கவாம்! அந்தச் சமாதானத்தை உயர்நீதிமன்றமும் ஒருகாலத்தில் ஏற்றது. சாதிச் சுவரே காவல் என்றால், 2021-இல் அந்தச் சுவர் காத்தது யாரை? 2024 அக்டோபர் 3-இல் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. என் வகுப்பில் இரு மாணவர் அடித்துக்கொண்டால் சாதிக்கொரு பெஞ்சு போடுவேனா? போட்டால் நான் ஆசிரியனா?

பெரியவர் நாளேட்டை மடித்தார். "அப்படியானால் சிறைக்காரர் என்னதான் செய்வது?"

புதிதாக வருபவனை வாயிலிலேயே நிறுத்தி, "உள்ளே உனக்குப் பகைவர் எவரேனும் உண்டா?" என்று கேட்கட்டும் என்றேன். அவன் சொன்னதை ஏட்டில் எழுதட்டும்; அந்தப் பகைவர் நெருங்காத இடத்தில் அவனை வைக்கட்டும். அன்று காவலில் நின்றவர் பெயரும் அதே பக்கத்தில், அவர் கையொப்பத்தோடு இருக்கட்டும்.