பதினாறும் பெற்றவர்கள்

2025 நவம்பரில் கத்தாரில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்தில் நியூ கலிடோனியா மூன்று ஆட்டம் ஆடியது. போர்ச்சுகலிடம் 1-6. ஜப்பானுடன் 0-0. மொராக்கோவிடம் 0-16. அந்தத் தொடரின் வரலாற்றில் அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது.

செய்தியை வாசித்துச் சொன்னவன் என் அக்கா மகன். பதினோராம் வகுப்பு படிக்கிறான். "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கன்னு வாழ்த்தி அனுப்பிருப்பாங்க போல மாமா" என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து அவன் கேட்டதற்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை. "இதை வாங்கறதுக்கா அவ்வளவு தூரம் போனாங்க?"

டெபாசிட் இழந்த சுயேச்சை வேட்பாளரையும், நாலாவது தடவையாகக் குரூப் தேர்வு எழுதப் போகிறவரையும் பார்த்து ஊரே கேட்கிற கேள்விதான் இது. கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. தோல்வி என்றால் அதற்கு ஓர் அளவு உண்டு, அதைத் தாண்டினால் அது அசட்டுத்தனம் என்று எல்லோருக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. என்னிடமும் இருந்தது. இந்தப் பையன்களைப் பற்றி வாசிக்க வாசிக்க அது கொஞ்சம் கலைந்தது.

நியூ கலிடோனியா ஒரு நாடு அல்ல. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே 1,200 கிலோமீட்டர் அளவில், பசிபிக் கடலில் கிடக்கும் தீவுகள். 1853இல் பிரான்ஸ் எடுத்துக்கொண்டது. இன்றும் பிரான்சுக்குச் சொந்தம். பாரிஸ் அங்கிருந்து 16,000 கிலோமீட்டருக்கும் மேல். நிலத்தடியில் நிக்கல், நிலத்தின் மேல் கனாக் பழங்குடி மக்கள், ஐரோப்பிய வழியினர், வேலைக்கென்று பல திசைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். 19ஆம் நூற்றாண்டில் ரெயூனியன் தீவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிவரப்பட்ட இந்தியக் கூலிகளும் அதில் அடக்கம். ஆக மொத்தம் 2,65,000 பேர் அளவில்.

இந்தப் பையன்கள் பிறந்த காலத்தில் ஆண்டுக்கு நான்காயிரம் குழந்தைகள் அளவில்தான் அங்கே பிறந்தன. பாதி ஆண் என்று வைத்துக்கொண்டால் ஒரு வயதுக்கு இரண்டாயிரம் பையன்கள். அதற்குள்தான் கால்பந்து ஆடத் தெரிந்தவன், அவனில் நன்றாக ஆடுகிறவன், அவனில் கோல்கீப்பராக நிற்கத் துணிந்தவன் என்று சலித்துச் சலித்து 21 பேரைத் தேற்றியாக வேண்டும். பெரியவர்கள் அணி என்றால் நல்ல ஆட்டக்காரன் ஒருவன் கிடைத்தால் பத்து வருடம் ஓட்டலாம். இளையோர் அணிக்கு அந்த வசதி கிடையாது. அடுத்த உலகக் கோப்பைக்குள் பெரும்பாலோர் வயது தாண்டியிருப்பார்கள். மறுபடி முதலிலிருந்து சலிக்க வேண்டும்.

நாடே இல்லாத ஊருக்குத் தேசிய அணி எப்படி வந்தது? 2004இல் ஃபிஃபா உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. விடுதலை வேண்டுமா என்று 2018, 2020, 2021 என மூன்று முறை பொது வாக்கெடுப்பு நடந்து, மூன்றிலும் பிரான்சோடு இருப்பதே முடிவானது. கடைசி வாக்கெடுப்பை விடுதலை கேட்பவர்கள் புறக்கணித்தார்கள். 2024 மே மாதம் வாக்காளர் பட்டியல் தகராறில் தலைநகர் நுமேயா எரிந்தது. கத்தாருக்குப் போன பையன்கள் அதைக் கண்ணால் பார்த்த தலைமுறை. அரசியலில் தீராத வழக்கு, கால்பந்தில் மட்டும் ஒரு சட்டையாகத் தைக்கப்பட்டிருக்கிறது.

அந்தச் சட்டை கிறிஸ்டியான் கரெம்பூவுக்குக் கிடைக்கவில்லை. லிஃபூ தீவில் பிறந்த கனாக் அவர். 1998இல் உலகக் கோப்பையை வென்ற பிரான்ஸ் அணியில் இருந்தார். பிரான்சின் தேசிய கீதம் ஒலிக்கும்போது வாய் திறக்காமல் நிற்பார். காரணம் உண்டு. 1931இல் பாரிசில் நடந்த காலனியக் கண்காட்சிக்குக் கனாக் மக்களைக் கொண்டுவந்து, மனிதரைத் தின்னும் காட்டுமிராண்டிகள் என்று வேடிக்கைப் பொருளாக்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை, முதலைகளுக்குப் பதிலாக ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். காட்சிக்கு வைக்கப்பட்டவர்களில் கரெம்பூவின் முன்னோரும் உண்டு. அவர் ஆடிய நாட்களில் தன் தீவுகளின் பெயரைச் சொல்லி உலகக் கோப்பையில் இறங்க வழியே இருக்கவில்லை. ஒன்று பிரான்சுக்கு ஆட வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் ஆட வேண்டும்.

2017இல் இதே வயதுப் பிரிவு உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. நியூ கலிடோனியாவுக்கு அதுதான் முதல் முறை. முதல் ஆட்டமே, குவாஹாட்டியில், பிரான்சோடு! தாங்கள் வைத்திருக்கும் பாஸ்போர்ட்டை எதிர்த்தே ஆடுவது. இடைவேளைக்குள் 6-0. அதில் இரண்டு சேம் சைடு கோல். பதற்றம் என்றால் அப்படியொரு பதற்றம். இறுதியில் 7-1.

இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன். முதல் பாதி 6-0. இரண்டாம் பாதி 1-1. இடைவேளையில் அந்த அறையில் என்ன பேசினார்களோ, வெளியே வந்து ஆடிய 45 நிமிடம் பிரான்சுக்குச் சமம். பிரான்ஸ் காலைத் தளர்த்தியிருக்கும் என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆறு கோல் போட்டபின் யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள்? ஆனாலும் ஆறு வாங்கிவிட்டு ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் முன்னால் ஓடி ஒரு கோல் போட்டவர்கள் காலைத் தளர்த்தவில்லை.

அடுத்து ஹோண்டுராசிடம் 0-5. மூன்றாவது ஆட்டம் கொல்கத்தாவில், ஜப்பானோடு. ஏழாவது நிமிடத்திலேயே கோல் வாங்கினார்கள். 83ஆவது நிமிடத்தில் ஜெகோப் ஜெனோ சமன் செய்தான். 1-1. உலகக் கோப்பையில் நியூ கலிடோனியாவின் முதல் புள்ளி. அதே தொடரில் 130 கோடிப் பேரின் இந்தியா மூன்று ஆட்டத்திலும் தோற்றுப் புள்ளியே இல்லாமல் வெளியேறியது; ஜீக்சன் சிங் கொலம்பியாவுக்கு எதிராகப் போட்ட ஒரு கோல்தான் நமக்கு மிச்சம். இதை அக்கா மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அதற்காக அவர்களைக் கதாநாயகர்கள் ஆக்கிவிட வேண்டாம். 2023இல் இந்தோனேசியாவில் இங்கிலாந்திடம் 0-10, பிரேசிலிடம் 0-9, ஈரானிடம் 0-5. ஒரு கோல்கூடப் போடாமல் 24 வாங்கித் திரும்பினார்கள். அங்கே இரண்டாம் பாதிக் கதை எதுவும் இல்லை.

கத்தாருக்கு வருகிறேன். நவம்பர் 6 அன்று ஜப்பானை 90 நிமிடமும் ஒரு கோல் போட விடாமல் நிறுத்திய அணி, 9ஆம் தேதி மொராக்கோவிடம் பதினாறு வாங்குகிறது. மூன்றே நாள் இடைவெளி. எதை நம்புவது? பெரும்பாலோர் பதினாறை நம்புவார்கள். சுழியை அதிர்ஷ்டம் என்பார்கள். நம் வாழ்க்கையையும் நாம் இப்படித்தான் வாசிக்கிறோம். நன்றாக வந்தது ஏதோ தப்பித் தவறி வந்தது, கெட்டுப் போனதுதான் நம் அசல் தரம்.

ஆனால் மொராக்கோவின் நிலைமையைப் பாருங்கள். அவர்கள் ஜப்பானிடம் 0-2, போர்ச்சுகலிடம் 0-6 என்று தோற்றுவிட்டு வந்திருந்தார்கள். கோல் வித்தியாசம் மைனஸ் எட்டு. மூன்றாம் இடம் பிடிக்கும் அணிகளில் சிறந்த எட்டுக்கு அடுத்த சுற்று உண்டு. ஜெயித்தால் மட்டும் போதாது, எவ்வளவு முடியுமோ அவ்வளவு கோல் வேண்டும். கிரிக்கெட்டில் ரன் ரேட்டுக்காக ஒரு சின்ன அணியைப் போட்டுத் துவைப்பார்களே, அந்தக் கணக்கு. 2017இல் பிரான்சுக்கு ஏழாவது கோல் தேவைப்படவில்லை. மொராக்கோவுக்குப் பதினாறாவதும் தேவைப்படலாம் என்ற நிலை. போட்டார்கள், மேலே போனார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்குப் பிடிபட்டது இதுதான்: நாம் வாங்கும் அடியின் அளவு நம் பலவீனத்தை மட்டும் காட்டுவதில்லை. எதிரே நின்றவருக்கு அன்று எவ்வளவு தேவைப்பட்டது என்பதும் அதில் கலந்திருக்கிறது. நேர்முகத் தேர்விலும் வியாபாரத்திலும் பாகப்பிரிவினையிலும் நம்மை நசுக்கியவர்கள் பலர் நம் தகுதியை எடை போட்டு நசுக்கவில்லை. அவர்களுக்கு அன்று அது வேண்டியிருந்தது. வலிமையானவர் கணக்கில் நாம் ஓர் எண். அந்த எண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து நம் பெயருக்கு நேரே எழுதிக்கொள்வது நாமே செய்துகொள்கிற கொடுமை.

கால்பந்தில் ஒரு விதி உண்டு. கோல் விழுந்ததும் பந்து கோல் வாங்கிய அணிக்குத்தான். நடுவட்டத்தில் பந்தை வைத்து அவர்கள்தான் ஆட்டத்தை மறுபடி தொடங்க வேண்டும். அன்று நியூ கலிடோனியா பதினைந்து முறையாவது அப்படித் தொடங்கியிருக்கும். வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து வருவதும், அதை நடுவே வைப்பதும், எதிரே பதினொரு பேர் காத்திருக்க முதல் உதையை உதைப்பதும் பதினாறு, பதினேழு வயதுக்காரனுக்கு லேசான வேலையா?

இதைத் துணிச்சல் என்று எழுதிவிட ஆசை. அது முழு உண்மை ஆகாது. நடுவர் விசில் ஊதினால் தொடங்கித்தான் ஆக வேண்டும். பாதியில் எழுந்து போக முடியாது. போக முடியாததால் நின்றார்கள் என்றும் சொல்லலாம். என் வயதில் திரும்பிப் பார்த்தால், நான் தைரியம் என்று பேர் வைத்திருந்ததில் பாதி, எழுந்து போக வழி இல்லாத இடங்களில் உட்கார்ந்திருந்ததுதான். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நிற்க வேண்டிய கட்டாயம் வெளியிலிருந்து வரலாம். பந்தை எந்தப் பக்கம் உதைப்பது என்பது உள்ளேதான் முடிவாகிறது.

இவ்வளவு சின்ன அணிகளைச் சேர்க்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிரிக்கெட் இதற்குத் தன் பதிலைச் சொல்லிப் பார்த்தது. 2007 உலகக் கோப்பையில் 16 அணிகள். அயர்லாந்து பாகிஸ்தானை வீழ்த்தியது, வங்கதேசம் நம்மை வீழ்த்தியது. 2019க்குள் அதைப் பத்து அணிகளாகச் சுருக்கிவிட்டார்கள். ஒருதலை ஆட்டங்கள் குறைந்தன, ஆச்சரியங்களும் குறைந்தன. கால்பந்து எதிர்த்திசையில் போய் 17 வயதுக்குட்பட்டோர் கோப்பையை 48 அணிகளாக்கியிருக்கிறது. விளம்பர வருமானமும் வாக்கு வங்கியும் அதில் உண்டு, தெரியும். இருந்தாலும் இது சரி என்பதுதான் என் கட்சி. பதினாறு கோல் வாங்கும் அபாயம் இல்லாத இடத்தில் ஜப்பானை நிறுத்தும் வாய்ப்பும் இருக்காது. சின்னவர்களை அவமானத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெளியே நிறுத்துவது, பெரும்பாலும் பெரியவர்கள் தங்கள் நேரத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

அக்கா மகனுக்கு நான் கடைசியாகச் சொன்னது வேறு ஒரு தகவல். கத்தாரில் ஆடத் தகுதி, 2008 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்கு. இந்தத் தொடர் இனி ஆண்டுதோறும் நடக்கும். 2026க்கு அந்த வரம்பு 2009 ஜனவரி 1. ஆக, அந்த அணியில் 2008இல் பிறந்தவர்களுக்கு இந்தக் கோப்பையில் மொராக்கோதான் கடைசி ஆட்டம். 2009இல் பிறந்தவர்கள், தீவுகள் மறுபடி தகுதி பெற்றால், மறுபடி ஆடலாம்.