வேட்கைக்கு யார் பொறுப்பு?

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபால்க் 1961இல் வெளியிட்ட ஆய்வில், எடை 80 விழுக்காட்டுக்குக் குறையுமாறு பட்டினி போடப்பட்ட எலிகளுக்குச் சராசரியாக நிமிடத்துக்கு ஒருமுறை சிறு உணவு உருண்டை ஒன்று பரிசாகக் கிடைத்தது. முன்பு ஒரு நாள் முழுவதும் சுமார் 27 மில்லிலிட்டர் நீர் குடித்த அவை, அப்போது மூன்று மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பொழுதில் 90 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தன. நீர் அவற்றுக்கு எப்போதும் மறுக்கப்பட்டதில்லை. அதே உணவை ஒருசேரக் கொடுத்தால் இந்த மிகைக்குடி தோன்றுவதுமில்லை. ஆகவே அதன் காரணம் தாகம் அன்று, பசித்த உயிருக்கு உணவு துளித்துளியாக வந்துசேரும் இடைவெளியே ஆகும். 1972இல் ஃபால்க்கும் உடன் ஆய்வாளர்களும் நீருக்குப் பதில் சாராயம் கலந்த நீரை வைத்தபோது, எலிகள் அதற்கு உடலளவில் அடிமையாகி, அது நிறுத்தப்பட்டதும் வலிப்புக்கு உள்ளாயின.

குடியைத் தனிமனிதரின் குற்றமாக மட்டும் காணும் அறநோக்கை இம்முடிவுகள் கடுமையாகச் சோதிக்கின்றன. ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று எழும் என்னும் பௌத்தக் கோட்பாட்டை மணிமேகலை விளக்குகிறது. அதன் பன்னிரு சார்புகளில், புலன்வழிப்பட்ட உணர்வாகிய நுகர்ச்சியைச் சார்ந்து வேட்கையும், வேட்கையைச் சார்ந்து பற்றும் தோன்றுகின்றன. வேட்கைக்குத் தானே நிற்கும் வேர் இல்லை என்ற இக்கருத்து, ஆய்வுக்கூடத்தில் கண்டதோடு வியக்கத்தக்க அளவுக்கு நெருங்கி நிற்கிறது.

ஈரோட்டில் 1921இல் நடந்த கள்ளுக்கடை மறியலும் சூழலையே குறிவைத்தது. ஈ.வெ. ராமசாமி தமக்குரிய தோப்பில் நூற்றுக்கணக்கான தென்னை மரங்களை வெட்டச் செய்தார். அவர் சிறைப்பட்டபின் அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்தனர். குடிப்பவரை இகழ்வதோடு நில்லாமல், தம் வருவாயையே இழக்கத் துணிந்த அச்செயல் பெரிதும் போற்றத்தக்கது. எனினும் அது அகற்ற முயன்றது பானத்தை. ஃபால்க்கின் கூண்டிலோ பானம் வெறும் நீராக இருந்தபோதும் மிகை தோன்றியது. பசியையும் அரைகுறை ஊதியத்தையும் அப்படியே விட்டுவிட்டுக் கடையை மட்டும் மூடுவது போதுமா என்ற கேள்வி, வாரக்கூலியை நம்பித் தறியோட்டும் குடும்பங்கள் நிறைந்த கொங்கு நாட்டுக்கு உரியது. நிமிடக் கணக்கில் அளந்த ஒன்றை வாரக் கணக்குக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல இயலாது என்பது உண்மையே. ஆயினும் கேள்வியின் வலிமை அதனால் குறையவில்லை.

நுகர்ச்சிக்கும் வேட்கைக்கும் இடையிலுள்ள கண்ணியை அறிவால் அறுக்கலாம் என்பது பௌத்தத்தின் நம்பிக்கை. எலிக்கு அவ்வாய்ப்பு இல்லை, மனிதருக்கு உண்டு. ஆதலால் குடிப்பவரின் பொறுப்பு முற்றிலும் நீங்குவதில்லை. ஆனால் கூண்டில் உணவின் இடைவெளியை அமைத்தது எலி அன்று, ஆய்வாளரே; கூலியின் அளவையும் அது கைக்கு வரும் காலத்தையும் அமைப்பவர்களும் அவ்வாறே அறத்தின் கேள்விக்கு உட்பட்டவர்கள்.