பிள்ளைத்தாய்ச்சி வேலை மாறினால்

மயிலாப்பூர், அடையாறு வீடுகளுக்கு இந்தக் கேள்வி கடல் தாண்டி, தொலைபேசி வழியாக வருகிறது. மகள் அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கிறாள். நான்காம் மாதம். வேறொரு நிறுவனத்தில் நல்ல வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. "ஸ்பான்சர் பண்ணினவங்களை இப்படி நடுவுல விடலாமா?" என்கிறார் அப்பா. "முழுகாம இருக்கறதைச் சொல்லாம சேர்ந்தா ஏமாத்தினதா ஆகாதாடி?" என்கிறார் அம்மா. இரண்டுமே நேர்மையில் பிறந்த கவலைகள். ஆனால் இரண்டுக்கும் ஒரே எடை இல்லை.

அப்பாவின் கவலையை எளிதில் தீர்த்துவிடலாம். ஆள் தேவைப்பட்டதால்தான் நிறுவனம் விசாவுக்கு மனுப் போட்டது. அந்தச் செலவு நிறுவனத்தின் பொறுப்பு என்பது அந்நாட்டு விதி. புதிய நிறுவனம் மனு தாக்கல் செய்ததுமே அங்கே வேலையைத் தொடங்கலாம் என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. முறையாக நோட்டீஸ் கொடுத்து, கையிலிருந்த வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிறவர் யாருக்கும் கடன்பட்டவர் அல்லர்.

அம்மாவின் கேள்விதான் கனமானது. அதை நம் உச்ச நீதிமன்றமே ஒருமுறை எதிர்கொண்டது. நீரா மாத்தூர் என்பவர் 1989-இல் எல்.ஐ.சி.யில் தகுதிகாண் பருவ ஊழியராகச் சேர்ந்தார். பேறுகால விடுப்பு எடுத்த பின் 1990-இல் நீக்கப்பட்டார். கடைசி மாதவிலக்குத் தேதியைப் படிவத்தில் தவறாக எழுதிவிட்டார் என்பது அவர்மீது சொல்லப்பட்ட குற்றம். 1991-இல் தீர்ப்பளித்த நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. கோளாறு பதிலில் அல்ல, அந்தக் கேள்வியில்தான் என்று கண்டது. பெண்ணைக் கூச வைக்கும் அப்படிப்பட்ட கேள்விகளைப் படிவத்திலிருந்தே எடுத்துவிடச் சொன்னது.

முப்பது ஆண்டு கழித்தும் பாடம் இறங்கவில்லை. மூன்று மாதம் தாண்டிய கர்ப்பிணிகள் 'தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள்' என்ற விதியைப் பாரத ஸ்டேட் வங்கி 2022 ஜனவரியில் எதிர்ப்புக்குப் பிறகே நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு ஜூனில், ராயப்பேட்டையில் தலைமையகம் கொண்ட இந்தியன் வங்கிக்கு டெல்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 12 வாரக் கர்ப்பத்தை வைத்து அதே முத்திரையைக் குத்தும் விதி அங்கேயும் இருந்ததே காரணம். வங்கி தன் விளக்கத்தைத் தந்தது. தேர்வெழுதி வென்ற பெண்ணை, பிள்ளை பெற்றுவிட்டு வா என்று நிறுத்தி வைக்கும் இடத்தில், வாய் திறக்காமல் இருப்பது வஞ்சனையா?

மறுபக்கமும் உண்டு, அதைத் தட்டிக் கழிக்க முடியாது. நம் மகப்பேறு நலச் சட்டம் 1961-இல் வந்தது. 160 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்றிருந்ததை 1988-இல் 80 நாளாகக் குறைத்தார்கள். 2017-இல் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு விடுப்பு 26 வாரமானது. ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்கு அத்தனை வாரச் சம்பளத்தையும் நிறுவனமே தர வேண்டும். தி.நகரில் பத்துப் பதினைந்து பேரை வைத்து அலுவலகம் நடத்துகிறவருக்கு அது பெரிய சுமைதான். அந்தச் சுமையை அரசு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அவர் கேட்பது நியாயம். அதற்காகக் கர்ப்பிணியைக் கழித்துக் கட்டுவது நியாயமாகாது. 80 நாள் என்று குறைத்தபோதே, புதிதாகச் சேர்ந்தவருக்கும் இந்த உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் முடிவு செய்துவிட்டது.

விசாவில் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் பெரிது. வேலை போனால், நாட்டில் தங்க அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஆறாம் மாதத்தில் வீட்டைக் காலி செய்து, மருத்துவரை மாற்றி, விமானம் ஏற வேண்டியிருக்கும். அங்கே 1978 முதலே, கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலை மறுப்பது சட்டவிரோதம். ஆனால் உண்மையான காரணத்தை எந்த நிறுவனமும் எழுத்தில் தராது. ஆகவே நேர்முகத்தில் மௌனம் காப்பது தவறே இல்லை. சேர்ந்து காலூன்றிய பின், விடுப்புக்குப் போதிய மாதங்கள் இருக்கும்போதே சொல்லிவிடுவது அவர் கடமை. அந்தக் கடமை முதலாளியைவிட, அவர் வேலையைச் சுமக்கப்போகும் சக ஊழியர்களுக்கே அதிகம்.

வேலை மாற நினைக்கும் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலைப் பாதுகாப்போடு 12 வார ஊதியமில்லா விடுப்புத் தரும் 1993-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், அதே நிறுவனத்தில் 12 மாதமும் 1,250 மணி நேரமும் வேலை செய்தவருக்கே பொருந்தும். மாறினால் அந்தக் கணக்கு பெரும்பாலும் புதிதாகத் தொடங்கும். கையெழுத்துப் போடும் முன் புதிய நிறுவனத்தின் சலுகைக் கையேடு முழுவதையும் கேட்டு வாங்கி, விடுப்புப் பகுதியை வரி விடாமல் படித்துவிடுங்கள்.