மறைவில் நிகழும் மாற்றம்

தவளை என்றதும் குளத்தில் நீந்தும் தலைப்பிரட்டை நம் நினைவுக்கு வருகிறது. போர்ட்டோ ரிக்கோ தீவின் கோக்கி தவளைக்கோ அப்பருவம் இல்லை. நிலத்தில் இடப்பட்ட முட்டையிலிருந்து ஏறத்தாழ 3 வாரங்களில் சின்னஞ்சிறு தவளையே வெளிவருகிறது. ஆயினும் உருமாற்றம் நிகழாமலில்லை. சுவாசத்திற்கு உதவும் வால் தோன்றுவதும், தைராய்டு சுரப்புநீர் உடலை மாற்றியமைப்பதும் முட்டைக்குள்ளேயே நடைபெறுகின்றன. முட்டைகள் உலர்ந்துவிடாதவாறு தந்தைத் தவளை அவற்றின்மீது அமர்ந்து காக்கிறது.

நெடுநாள் விலகியிருந்த ஒருவர் திடீரெனத் திருப்பலிக்கு வந்தால், "இவர் உண்மையிலேயே மனந்திரும்பினாரா?" என நாம் ஐயுறுகிறோம், கண்ணீரைச் சான்றாகக் கேட்கிறோம். அவர் உள்ளத்தில் மறைவாக நடந்த நெடும் போராட்டத்தை இறைவன் அறிவார். அந்த ஈரம் உலராமல் காப்பதே நமக்குரிய பணி.