உலர விட்ட படகு

மும்பையில் தேக்கில் கட்டிய 32 அடிப் பாய்மரப் படகு ‘சுஹைலி’. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதில் தனியாளாக, எங்கும் கரை தொடாமல், 312 நாளில் உலகைச் சுற்றி 1969 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஃபால்மவுத்துக்குத் திரும்பினார். அப்படிச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான்.

சாகசத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் செய்த பழுதுபார்ப்பு. கிளம்பிய கொஞ்ச நாளிலேயே அடிப்பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்தது. நடுக்கடலில் இறங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்தார். நிற்கவில்லை; பிதுங்கி வெளியே வந்தது. பிறகு கேன்வாஸ் துண்டால் மூடி, அதன்மேல் செப்புத் தகட்டை வைத்து ஆணி அறைந்தார். அத்தனையும் தண்ணீருக்கு அடியில்!

1997இல் சுஹைலி கிரீனிச் அருங்காட்சியகத்துக்குப் போனது. மழையும் உப்பும் அண்டாத இடம். ஆனால் அங்கே பலகைகள் சுருங்கத் தொடங்கின. மரப்படகின் பலகை தண்ணீரில் ஊறி உப்பினால்தான் இடுக்குகள் இறுகும், காய்ந்தால் விரியும். பொறுக்க முடியாமல் 2002இல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் படகை வெளியே கொண்டுவந்து செப்பனிட்டார். எழுபது வயதுக்குப் பிறகு மறுபடியும் உளியும் சுத்தியலும் எடுத்தார். தேக்கு கெடாமல் இருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள்தான் அரித்துப் போயிருந்தன. அவற்றைப் பிடுங்கி, துருப்பிடிக்காத வெண்கல ஆணிகளை அடித்தார். பழைய படகில் புதிதாக எதையாவது பொருத்த நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஆணிகளைத்தான்.