ஒழுக்கு

கூரையிலிருந்து நீர் சொட்டுவதற்கும் மனிதன் நடந்துகொள்வதற்கும் தமிழில் ஒரே வினைதான்: ஒழுகுதல். ஒன்றிலிருந்து ஒழுக்கு வந்தது, மற்றதிலிருந்து ஒழுக்கம். இரண்டுக்கும் அடியில் ஓட்டம் என்ற பொருள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இலக்கண ஆசிரியர் அப்பால் போய்விடலாம். இருபது வருஷத்துக்கு மேல் வாடகை வீடுகளிலேயே காலம் கழித்த எனக்கு அது அவ்வளவு சுலபமாக இல்லை. ஒழுகுகிற வீட்டில் ஒருவன் எப்படி ஒழுகுகிறான் என்பதுதான் நான் இங்கே யோசித்துப் பார்க்க விரும்புவது.

விஷயம் அற்பமானது. வீட்டுக்காரரிடம் போய், 'வீடு ஒழுகுகிறது, சரி செய்து கொடுங்கள்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதைச் சொல்ல முடியாமல் போவது ஏன்?

2015 நவம்பரில் சென்னையில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர், எழுபதைக் கடந்த பெரியவர். முன்னறைக் கூரையில் ஏற்கெனவே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்பு வட்டம் இருந்தது. மழை பிடித்த மூன்றாம் நாள் அது சொட்ட ஆரம்பித்தது. வாளி வைத்தோம். புத்தகங்களைக் கட்டில் மேல் ஏற்றினோம். வாளி இரண்டாம் முறை நிறைந்ததும் நான் கீழே இறங்கிப் போனேன். படிக்கட்டில் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். அது இப்படி வெளியே வந்தது:

'லேசா ஒழுகற மாதிரி இருக்குங்க ஐயா. அவசரமில்லை. உங்களுக்குச் சௌகரியப்படறப்போ ஒரு பார்வை பார்த்தீங்கன்னா...'

மாடியில் வாளி நிறைந்துகொண்டிருந்தது. ஆனால் 'லேசா'. கண்ணெதிரே சொட்டியது. ஆனால் 'மாதிரி'. புத்தகம் நனைகிறது. ஆனால் 'அவசரமில்லை'. முடிக்கப்படாத வினையில் வாக்கியம் தொங்கி நின்றது. அதை முடிக்கும் வேலையை அவரிடமே விட்டுவிட்டேன். சக எழுத்தாளன் ஒருவன் இப்படி ஒரு வாக்கியம் எழுதியிருந்தால், அனுபவத்துக்கும் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை என்று இரண்டு பக்கம் விமர்சனம் எழுதியிருப்பேன். மற்றவர் எழுத்தின் பழுதுகளைச் சுட்டுவதில் நம் வட்டத்தில் யாருக்கும் தயக்கம் இருந்ததில்லை. அந்தக் கறார் எல்லாம் மாடிப்படியின் மேல்படியிலேயே நின்றுவிட்டது.

பெரியவர் கோபிக்கவில்லை. யோசித்துவிட்டு, 'முன்னே இருந்தவங்க ஒண்ணும் சொல்லலையே, தம்பி' என்றார். பிறகு, 'மழை விடட்டும், பார்ப்போம்' என்றார். மழை விட்டது, பேச்சும் விட்டது. தை பிறந்ததும் ஒரு கொத்தனார் வந்து மொட்டைமாடித் தட்டோட்டு விரிசல்களில் சிமெண்ட் பால் ஊற்றிவிட்டுப் போனார். 2016 இல் மழை பொய்த்தது. அதனால் அந்தச் சிமெண்ட் பால் வேலை செய்ததாகவே எல்லோரும் நம்பினோம். டிசம்பர் 12 ஆம் தேதி வர்தா புயல் வந்த அன்று மறுபடி வாளி வைத்தோம். அந்த முறை நான் கீழே இறங்கிப் போகவில்லை.

சட்டம் தெரியாததால் அல்ல. 1882 ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108 ஆவது பிரிவே இதைப் பேசுகிறது. தான் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் வீட்டுக்காரர் செய்யாவிட்டால், குடித்தனக்காரர் தாமே செய்துகொண்டு செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2017 இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இதை இன்னும் விவரமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் கட்டிடத்தின் அமைப்பைச் சேர்ந்த பழுதுகளும், சுவருக்கு வெள்ளையடிப்பதும், குழாய் மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு; குழாய்க்கு வாஷர் போடுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்சு மாற்றுவது போன்றவை குடித்தனக்காரர் பொறுப்பு. கூரை யாருடையது என்பதில் 1882 முதல் இன்று வரை பெரிய சந்தேகம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் வாடகையிலிருந்து கூரைச் செலவைக் கழித்துக்கொண்டு, அதே வீட்டில் நிம்மதியாகக் குடியிருந்த ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவனுக்கு உரிமை, பன்னிரண்டாவது மாதத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறது.

வீட்டுக்காரனுக்கும் குடித்தனக்காரனுக்கும் உள்ள உறவு முதலாளி–தொழிலாளி உறவு அல்ல, சாதாரணச் சரக்குப் பரிமாற்றம்தான் என்று எங்கல்ஸ் 1872 இல் குடியிருப்புப் பிரச்னை பற்றிய கட்டுரைகளில் வாதிட்டார். பொருளாதாரமாக அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அழுகின கத்தரிக்காயைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கும்போது நான் 'லேசா அழுகின மாதிரி இருக்குங்க' என்று சொல்வதில்லை. வேறு கடை அடுத்த தெருவில் இருக்கிறது. வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்க முடியாது. நான் அதற்குள் இருக்கிறேன். என் குழந்தையின் பள்ளிக்கூடமும், ரேஷன் கார்டும், பத்திரிகைக்குக் கொடுத்த முகவரியும் அதற்குள் இருக்கின்றன. போதாததற்குப் பத்து மாத வாடகை அட்வான்ஸாக அவர் கையில் இருக்கிறது.

ஆக, பயம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயம் ஒருபோதும் தன் சொந்தப் பெயரில் நடமாடுவதில்லை. அப்போது என் மௌனத்துக்கு நான் வைத்திருந்த பெயர் இரக்கம். பெரியவருக்கு வாடகைதான் முக்கிய வரும்படி. தட்டோட்டைப் பெயர்த்து, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, மறுபடி பதிக்க அவரிடம் பணமிருக்காது என்று நானே தீர்மானித்தேன். அவரைக் கேட்கவில்லை. வயசானவரைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லும்போது என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் உண்டாயிற்று.

இந்த இரக்கம் நிஜமா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. அதற்கு முன் நான் இருந்த வீட்டின் சொந்தக்காரர் வசதியானவர். அந்தத் தெருவிலேயே இன்னும் வீடுகள் வைத்திருந்தார். அங்கே குளியலறைச் சுவரில் ஓதம் ஏறிப் படுக்கையறை வரை பரவியிருந்தது. அங்கும் நான் கேட்கவில்லை. அந்த மௌனத்துக்கு நான் வைத்த பெயர் சுயகௌரவம்: 'அந்த ஆளிடம் போய் நிற்பதா?' ஏழையிடம் இரக்கம், பணக்காரரிடம் சுயகௌரவம். பெயர்தான் மாறியது, வாய் திறக்காதது மாறவில்லை. எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் ஒரே காரியத்தில் போய் முடிகிற குணத்தை அவரைப் பற்றிய உணர்ச்சியாகக் கருத முடியாது.

சரி, கோழைத்தனம், நஷ்டம் எனக்குத்தானே, இதில் தார்மிகப் பிரச்னை எங்கே வந்தது என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காங்கிரீட் கூரை அப்படி நினைப்பதில்லை. தட்டோட்டு இடுக்கில் இறங்கும் நீர் முதலில் வெறும் கறை. அது உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டதும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் காங்கிரீட் உள்ளேயிருந்து பிளந்து, பாளம் பாளமாகக் கீழே பெயர்கிறது. கறையாக இருக்கும்போது ஒரு கொத்தனாரும் இரண்டு சித்தாளும் இரண்டு நாளில் முடிக்கிற வேலை, கம்பி வெளியே தெரிகிற நிலையில் வேறு வேலையாகிவிடுகிறது. என் மௌனம் பெரியவரின் பணத்தை மிச்சப்படுத்தவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அவர் செலவைக் கூட்டிக்கொண்டிருந்தது. அடுத்து வருகிறவர் தலைக்கு மேல் எதையோ தளர்த்திக்கொண்டும் இருந்தது. என் பொறுமையின் விலையை நான் மட்டும் கொடுக்கவில்லை.

நம் பாஷையே இந்த விசித்திரத்தைச் சொல்கிறது. சொந்தக்காரர் வீட்டுக்காரர், இருப்பவர் குடித்தனக்காரர். வீடு ஒருவருக்கு, குடித்தனம் மற்றவருக்கு. வீட்டுக்காரர் தம் வீட்டின் உட்பக்கத்தைப் பார்ப்பதில்லை. பார்க்கிறவனுக்கு அதில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். செய்யக்கூடிய கை ஓரிடத்தில், காணக்கூடிய கண் வேறிடத்தில். சொந்த வீட்டில் இவை ஒரே உடம்பில் இருப்பதால் பிரச்னை தெரிவதில்லை. வாடகை வீட்டில் கண்ணையும் கையையும் சேர்ப்பதற்குக் குடித்தனக்காரனின் வாயைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த வாய் மூடிக்கொண்டால் வீடு குருடாகிறது.

சிமோன் வெய்ல் தம் கடைசி வருஷமான 1943 இல் லண்டனில் எழுதி, 1949 இல் பிரசுரமான நூலை, உரிமைக்கு முந்தியது கடமை என்ற வாதத்தோடு ஆரம்பிக்கிறார். என் உரிமை என்பது, மற்றவர்கள் எனக்குத் தாங்கள் கடமைப்பட்டிருப்பதாக ஒப்புக்கொள்ளும்போதுதான் உயிர் பெறுகிறது. கடமையோ யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கடமையாகவே இருக்கிறது. இதைக் கூரைக்குக் கீழே நின்று யோசித்தபோது, நான் கேள்வியையே தவறாகப் போட்டிருக்கிறேன் என்று தோன்றியது. பழுதுபார்க்கச் சொல்வது யாசகமா, உரிமையா என்று இரண்டுக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தேன். யாசகம் என்றால் குரல் தானாகத் தாழ்கிறது. உரிமை என்றால் அதைப் பின்னால் நின்று தாங்க ஒரு பலம் வேண்டும்; அது என்னிடம் இல்லை. ஆனால் அது இரண்டுமில்லாமல் சாட்சியாக இருந்தால்? கண்டவன் கண்டதைச் சொல்ல வேண்டும். சொன்னபின் அவர் செய்வதும் செய்யாததும் அவர் ஒழுக்கம். சொல்வது என் ஒழுக்கம். சாட்சிக்கு 'லேசா' கிடையாது. வாளி எத்தனை முறை நிறைந்தது என்பதுதான் உண்டு.

பலவீனன் தலையில் இன்னொரு சுமையா என்ற ஆட்சேபம் நியாயமானது. செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர். அவர் மாடி ஏறிப் பார்த்திருக்க வேண்டும். அவருடைய பொறுப்பில் அணுவளவும் என் மேல் மாற்றிக்கொள்ள நான் சொல்லவில்லை. ஆனால் பலவீனத்தைக் காரணம் காட்டிச் சாட்சியிலிருந்தும் விலக்குக் கேட்டால், பலவீனனிடம் மிச்சமிருக்கும் ஒரே காரியத்தையும் விட்டுக்கொடுத்ததாகும். 'முன்னே இருந்தவங்க ஒண்ணும் சொல்லலையே' என்று பெரியவர் சொன்னாரே, அது சாமர்த்தியப் பேச்சல்ல. அவரைப் பொறுத்தவரை அது தகவல். முன்னே இருந்தவர் அந்தப் பழுப்பு வட்டத்துக்கு நேர் கீழே பீரோவை வைத்து, அதன் மேல் பழைய பாயைப் போட்டிருந்தார் என்று பின்னால் பக்கத்துப் போர்ஷன்காரர் சொன்னார். அவரும் மரியாதைக்காரராகத்தான் இருந்திருப்பார். அவருடைய மரியாதை எனக்கு எதிரான ஆதாரமாகப் பெரியவரிடம் பத்திரமாக இருந்தது.

இந்த யோசனையெல்லாம் எனக்கு அந்த வீட்டில் இருக்கும்போதே வந்துவிட்டது. அதனால்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2018 மே மாதம் வீட்டைக் காலி செய்தோம். அதற்குப் பத்து நாள் முன்பு ஒரு இளம் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தாள். பெரியவரும் கூடவே மேலே வந்து முன்னறையில் நின்றார். கோடை, கூரை உலர்ந்திருந்தது, கறை வெளிறியிருந்தது. அந்தப் பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு, பெரியவரைக் கேட்காமல் என்னைக் கேட்டாள்: 'மழைக்கு ஒழுகுமா அண்ணா?'

சரியான ஆளைத்தான் கேட்டாள். அந்த அறையில் கண் என்னிடம் இருந்தது.

அட்வான்ஸ் இன்னும் வரவில்லை. பெரியவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான், 'காத்து நல்லா வரும்மா' என்றேன்.

பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் காற்று நன்றாகத்தான் வரும். அவள் புருஷன் ஜன்னலருகே போய் நின்று, 'ஆமா, வருது' என்று சிரித்தான். அட்வான்ஸில் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு பெரியவர் மிச்சத்தை எண்ணிக் கொடுத்தார். கறையை மறைத்த சுண்ணாம்பு என் பணத்தில் வாங்கியது.

இப்போது இருக்கும் வீட்டிலும் சமையலறைக் கூரையில் கசிவு உண்டு. தேதி போட்டு, எந்த நாள் எவ்வளவு நேரம் சொட்டியது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நகல் என்னிடம் இருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இந்த வீட்டில் எழுதிய கடிதம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேராது.

அங்கே அதற்குப் பின் எத்தனையோ மழை பெய்துவிட்டது. ஏதோ ஒரு ஐப்பசியில் அந்தப் பெண் கைக்குழந்தையோடு கீழே இறங்கி வந்து சொல்லியிருப்பாள். பெரியவர் யோசித்துவிட்டு, கோபமில்லாமல், முன்னே இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லையே, நீயேதானே அம்மா அவரைக் கேட்டாய் என்று சொல்லியிருப்பார். உண்மைதான்.