வேடம் பூண்ட காதல்

காதலையும் நகைச்சுவையையும் இணைத்து நாவல் புனைவோரிடம், அவர்தம் எழுத்துக்கு ஊற்றாய் அமைந்த நூல்கள் யாவை என்று வினவினால், ஜேன் ஆஸ்டினையும் வுட்ஹவுஸையும் குறிப்பிடுவர். அக்கடன் மெய்யே. ஆயினும் வேங்கடத்தைச் சூழ்ந்த நாட்டின் கதைகளைக் கேட்டு வளர்ந்தோர்க்கு அதனினும் மூத்த கடன் ஒன்றுண்டு. கடல் கடந்து குடியேறிய நம் இல்லங்களிலும் பாட்டிமார் சொல்லி வரும் கதைகளே அவை.

திருப்பதித் தலபுராணத்தை நோக்குக. வேட்டைக்கு வந்த சீனிவாசன் பத்மாவதியைக் கண்டு மயங்குகிறான்; தோழியர் கல்லெறிந்து துரத்துகின்றனர். பின்னர் அவனே குறி சொல்லும் பெண்ணாக வேடம் பூண்டு ஆகாசராசன் அரண்மனை புகுந்து, இளவரசியின் நோய்க்குக் காரணம் காதலே என்று அரசியிடம் உரைக்கிறான். திருமணச் செலவுக்கோ குபேரனிடம் கடன்! நாம் உண்டியலில் இடும் காசு அக்கடனின் வட்டிக்கே போகிறது என்பது மக்கள் நம்பிக்கை. மணம் நிகழ்ந்த இடமாகப் புத்தூரை அடுத்த நாராயணவனத்தைக் காட்டுவர்.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகின்றது. பொய் வேடத்தால் ஒரு பெண்ணின் உள்ளத்தை அடைவது தகுமா? குறத்தி வேடத்தில் நாம் சிரிப்பது சீனிவாசனைப் பார்த்து, பத்மாவதியைப் பார்த்தன்று. கல்லடி பட்டவனும் கடன்பட்டவனும் அவனே. அவள் உள்ளமோ முன்னரே அவன்பால் சென்றுவிட்டது. ஆகவே அப்பொய் அவளிடமிருந்து எதையும் பறிக்கவில்லை.

வள்ளி கதையில் எனக்கு இத்தகைய அமைதி கிட்டுவதில்லை. வள்ளியை மணந்த முருகன் அமர்ந்த திருத்தணிகை, 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். கிழவனாய்த் தள்ளாடி வந்து தேனும் தினைமாவும் உண்டு விக்குகின்ற காட்சி தூய நகைச்சுவை. ஆனால் அடுத்து யானை வருகிறது. அஞ்சிய பெண் கிழவனையே தழுவிக் கொள்கிறாள். உயிரை இறைவன் ஆட்கொள்ளும் அருள் இது என்பர் சமயச் சான்றோர். அப்பொருளோடு எனக்கு வழக்கில்லை. மானிடக் காதலை எழுதும் நாவலாசிரியன் இந்த யானையை அப்படியே இரவல் வாங்குவானாயின், அச்சத்தால் பெற்ற இசைவைக் காதல் என்று நம்மிடம் விற்றவனாவான். நம் தொடர்கதைகளிலும் திரைப்படங்களிலும் இத்தகைய யானைகள் குறைவல்ல!

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நாவலிலும் யானை உண்டு, வேடமும் உண்டு. 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில், பிரிந்த கணவனைத் தேடி ஆண் உடையில் செல்லும் ஞானாம்பாளுக்குப் பட்டத்து யானை மாலையிட, அவள் அரசாளுகிறாள். அரசனைத் தேர்ந்தெடுக்கும் யானை நாட்டுப்புறக் கதைகளில் பழகிய ஒன்றே. அதனைப் பெண்ணிடம் அனுப்பியது பிள்ளையவர்களின் துணிவு. முன்சீபாக இருந்து பல்லாண்டுகள் வழக்குகளைக் கேட்டவர் அவர். பொய்யின் வகைகளை நன்கறிந்தவர் ஒரு பெண்ணின் வேடத்தை இத்துணைப் பரிவோடு எழுதியதை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.